ஜாகை: கல்யாணத்துக்கு வந்தவர் தங்கிய இடத்தின் கதை

எங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கின்றன. மஞ்சள் தடவிய மூலைகள் அரித்துப் போய், மை மங்கி, தொட்டால் உதிரும் நிலை. அவற்றில் ஒரு வழக்கம் தவறாமல் வருகிறது. முகூர்த்தம், லக்னம், இன்னாருக்கும் இன்னாருக்கும் என்பதெல்லாம் முடிந்த பிறகு, அடியில் ஒரு மூலையில் ‘ஜாகை’ என்று போட்டு, ஒரு தெருப் பெயரும் ஒரு வீட்டு விலாசமும் இருக்கும். கல்யாணம் நடக்கும் இடம் வேறு, ஜாகை வேறு. வெளியூரிலிருந்து வருகிறவர் நேரே போய் மூட்டையை இறக்க வேண்டிய வீடு அது.

இந்தச் சொல் தமிழ்ச்சொல் அல்ல. ‘இடம்’ என்று பொருள்படும் பாரசீகச் சொல் உருது வழியாக நம் ஊருக்கு வந்து, நவாபு காலத்துக் கச்சேரிகளில் புழங்கி, கடைசியில் கல்யாணப் பத்திரிகையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தேறிய சொல்லேயானாலும் அது சொன்ன காரியம் நம்முடையது. இன்றைய பத்திரிகைகளில் மண்டபத்தின் படம் இருக்கிறது, வழி காட்டும் வரைபடம் இருக்கிறது, விருந்து எத்தனை மணிக்கு என்பதும் இருக்கிறது. ஜாகை மட்டும் காணோம். அது எங்கே போயிற்று என்று தேடியதன் பலன்தான் இக்கட்டுரை. நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்ல, கடைக்காரன். கணக்குப் பார்க்கிற கண்ணோடு வரலாற்றையும் பார்த்திருக்கிறேன். குறை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

கல்லில் வெட்டிய படுக்கை

தமிழில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகள் எதைப் பற்றிப் பேசுகின்றன? போரைப் பற்றி அல்ல, காதலைப் பற்றியும் அல்ல. பெரும்பாலும் தங்கும் இடம் கொடுத்ததைப் பற்றித்தான் பேசுகின்றன! மதுரைக்கு அருகே மாங்குளம், அழகர்மலை, கரூருக்கு அருகே புகளூர், புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் எனப் பல குன்றுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. ஊர் ஊராகச் செல்லும் சமண முனிவர்கள் தங்குவதற்குக் குகையைச் செப்பனிட்டு, கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. தலை வைக்கும் பக்கம் சற்று உயர்த்தி, தலையணை போலவே செதுக்கியிருப்பார்கள். மழைநீர் உள்ளே வராமல் குகையின் நெற்றியில் ஒரு வரி வெட்டியிருப்பார்கள். இதில் மூத்த எழுத்துகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள்.

கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், அரசர்களும் அதிகாரிகளும் மட்டுமல்ல. மாங்குளத்தில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர் வருகிறார்கள். அழகர்மலையில் உப்பு வணிகனும் துணி வணிகனும் வெல்லப்பாகு வணிகனும் வருகிறார்கள். கடை வைத்துப் பிழைத்தவர்கள், வழிப்போக்கனாக வந்த துறவிக்கு ஒரு படுக்கை கொடுத்துவிட்டுத் தங்கள் பெயரை அங்கே விட்டுப் போயிருக்கிறார்கள். 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஜம்பைக் கல்வெட்டிலும் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்ததாகச் சொல்லப்படுவது ஒரு பாளி, அதாவது தங்கும் பள்ளி.

இதற்குப் பின்னால் ஒரு சிந்தனை இருக்கிறது. சமண நூல்கள் இல்லறத்தானுக்கு நான்கு தானங்களைச் சொல்லும். வழக்கமாக நாம் ஒப்பிக்கும் வரிசை உணவு, மருந்து, சாத்திரம், அபயம். ஆனால் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக நூலில் உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்று வரிசைப்படுத்துகிறார். (இந்நூலைத் தழுவி எழுந்ததுதான் தமிழில் உள்ள அருங்கலச்செப்பு.) இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘அபயம்’ இருக்கும் இடத்தில் மற்றதில் ‘உறைவிடம்’ இருக்கிறது. இதைக் கவனித்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. அறியாத ஊருக்கு வந்தவனுக்கு இடம் கொடுப்பது என்றால் நான்கு சுவரும் ஒரு கூரையும் கொடுப்பது மட்டுமல்ல. ‘பயப்படாதே, உனக்கு இங்கே ஆள் இருக்கிறது’ என்று சொல்வது. இந்தக் கட்டுரையின் சாரமும் இதுதான்.

கவுந்தியடிகள் செய்த ஏற்பாடு

இதற்கு இலக்கியத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். மதுரைக்கு வந்த கோவலன் கண்ணகியருக்கு இடம் தேடிக் கொடுத்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. ஆய்ச்சி மாதரியிடம் அவர்களை ஒப்படைத்தபோது, ‘இரண்டு பேர் வருகிறார்கள், ஒரு வீடு கொடு’ என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. கண்ணகி எப்படிப்பட்டவள், எவ்வளவு துன்பப்பட்டு நடந்து வந்திருக்கிறாள், அவளைத் தாய் போல எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எடுத்துச் சொல்லி ஒப்படைக்கிறார்.

மாதரியும் லேசுப்பட்டவள் இல்லை. காவலுள்ள சின்ன வீடு ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்குகிறாள். வந்தவர் சாவக நோன்பு உடையவர், பகலிலேயே உண்ண வேண்டியவர் என்பதை அறிந்து, சமைப்பதற்கு நல்ல பாத்திரங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்று வீட்டாரை முடுக்குகிறாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைக்கிறாள். இடம், காவல், உணவு முறை, பக்கத்தில் ஓர் ஆள் ஆகிய நான்கும் அதில் அடங்கிவிட்டன. விருந்தினரைத் தங்க வைப்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டியை நான் பார்த்ததில்லை.

தெருவே விடுதியாக இருந்த காலம்

கல்யாணத்துக்கு வருவோம். மண்டபம் என்பது பிற்காலத்து ஏற்பாடு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டால் அதுதான் மண்டபம். சில சமூகங்களில் கல்யாணம் நாலைந்து நாள் நடக்கும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த சனம் அத்தனை நாளும் எங்கே தங்கிற்று? அந்தத் தெருவிலேதான்.

எங்கள் வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் நான் சிறுவயதில் பார்த்ததைச் சொல்கிறேன். பந்தக்கால் நட்டதுமே வீட்டுப் பெரியவர் ஒருவர் தெருவில் இறங்கி நடப்பார். ‘அண்ணே, உன் வூட்டு மேலண்டத் திண்ணையும் கூடமும் எனக்கு வேணும், மாப்பிள்ளை வூட்டுப் பொம்பளைங்க தங்கணும்’ என்பார். எதிர்வீட்டுக்காரர் ‘எடுத்துக்கோ’ என்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம். முன்பணம் கிடையாது, ரசீது கிடையாது. ஆனால் மறக்கவும் முடியாது. அடுத்த வருஷம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் தம் கூடத்தைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பெரியவர் மனதில் ஒரு பட்டியல் ஓடும். யார் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யாரை ஒரே வீட்டில் போடக்கூடாது, எந்தக் கிழவிக்குப் படியேற முடியாது, எந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி என்பதெல்லாம் அதில் இருக்கும். வந்த வண்டிகளுக்கு இடம், மாடுகளுக்கு வைக்கோல், தண்ணீர், வண்டிக்காரருக்குச் சாப்பாடு இவையும் அவர் பொறுப்பே. இன்று காரில் வரும் உறவினருக்கு ஹோட்டலில் அறை போட்டுவிடுகிறோம். ஓட்டிவந்த டிரைவர் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுக்கிறார். மாட்டுக்கு இருந்த மரியாதை டிரைவருக்கு இல்லை என்பது வருத்தமான சங்கதி.

சத்திரமும் அதன் கணக்கும்

வீடும் தெருவும் போதாதபோது உதவியது சத்திரம். ‘சத்ர’ என்ற வடசொல் முதலில் வேள்வியையும், பிறகு அன்னமிடும் இடத்தையும் குறித்தது. ஆக, சத்திரம் என்றால் சோறும் சேர்ந்த இடம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரால் அமைந்த சத்திரம், பிற்காலத்தில் வந்த மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரேயே இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

சத்திரத்தை ஒரு பெரிய நிர்வாகமாகவே நடத்தியவர்கள் தஞ்சை மராட்டியர். இராமேசுவரம் போகும் வழியெல்லாம் அவர்கள் சத்திரங்கள் இருந்தன. இரண்டாம் சரபோஜி (1798–1832) ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை 1802-இல் அமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1801-இல், சத்திர நிர்வாகத்தைத் தம்மிடமே விட்டுவைக்கும்படி அவர் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. எல்லாச் சாதிப் பயணிகளுக்கும் சோறு, நோயுற்றால் மருத்துவரும் மருந்தும், கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு, வழியில் இறந்துபோனால் ஈமக்கடன் என்று சத்திரத்தின் கடமைகளை அதில் அடுக்கியிருக்கிறார். அந்தப் பட்டியலில் அறை எத்தனை என்பதைவிட, வந்தவருக்கு என்னவெல்லாம் நேரலாம் என்ற கவலைதான் அதிகம்.

ஆனால் பழங்காலம் முழுவதையும் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பல சத்திரங்கள் ஒரு சாதிக்கு மட்டும் என்றே எழுதி வைக்கப்பட்டவை. எல்லோருக்கும் பொதுவான சத்திரங்களிலும் தனித்தனிப் பந்தி, தனித்தனிச் சமையல் என்பது சாதாரணம். எத்தனையோ பேருக்குத் திண்ணைகூடக் கிடைத்ததில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடை, உணவகம், ஹோட்டல் முதலிய இடங்களில் சாதி, மதம், பால், பிறப்பிடம் முதலியவை காரணமாக எவரையும் தடுக்கக்கூடாது என்றது. ‘காசு கொடு, சாவி வாங்கு’ என்ற ஹோட்டல் முறையில் குறை உண்டு. ஆனால் சத்திரம் தராத ஒரு விடுதலையையும் அது தந்தது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ரயில் வந்தது, பம்பாய் வந்தது

1871-இல் ராய்ச்சூரில் சென்னை ரயில் பாதையும் பம்பாய்ப் பாதையும் சேர்ந்தன. நம் மக்கள் பம்பாய்க்கு வர வழி பிறந்தது. அதுவரை இரண்டு மூன்று தாலுகாவுக்குள் நடந்த கல்யாணம், பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி நடக்க ஆரம்பித்தது.

இங்கே வந்தவருக்குத் தெருத் திண்ணை ஏது? 1896-இல் பிளேக் நோய் வந்து நகரம் நிலைகுலைந்தபின், 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அது வகுத்த மனைப் பகுதிகளில் ஒன்றான மாதுங்காவில் தென்னிந்தியக் குடும்பங்கள் திரளாகக் குடியேறின. இரண்டு அறை வீட்டில் பத்துப் பேர் குடித்தனம் செய்தவர்கள், கல்யாணம் என்றால் மாடி வராந்தாவில் ஜமக்காளம் விரித்தார்கள். தாராவியிலும் சால் குடியிருப்புகளிலும் அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு ராத்திரிக்கு ஒதுங்கிக்கொண்டு இடம் கொடுத்தார்கள். ஊர்த் திண்ணை வழக்கம் இங்கே நடைபாதை வழக்கமாக உயிர் பிழைத்தது.

இன்னொரு ஆதரவு தர்மசாலைகள். சி.பி. டேங்க் பகுதியில் சேட் மாணிக்சந்த் ஹீராசந்த் ஜவேரி தம் தந்தையார் பெயரால் அமைத்த ஹீராபாக் தர்மசாலையை எங்கள் சமூகத்தார் நன்றியோடு நினைப்பார்கள். பகலிலேயே சாப்பாட்டை முடிக்கிறவர்களுக்கு அங்கே எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதேபோல் காசியில் நகரத்தார் சத்திரம், வேறு தலங்களில் வேறு சமூகத்தார் சத்திரங்கள் என்று வெளிமாநிலங்களில் நம்மவர் எழுப்பியவையும் உண்டு.

சென்னைப் பக்கம் உடுப்பிக்காரர்கள் ஒரு புது வழி காட்டினார்கள். 1952-இல் நியூ உட்லண்ட்ஸ், 1954-இல் தாசப்பிரகாஷ் என்று, சைவச் சாப்பாடும் தங்கும் அறையும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்ற பெயர்ப்பலகை ஊர் ஊராகப் பரவிற்று. பிறகு கல்யாண மண்டபங்கள் பெருகின. மண்டபத்தோடு மணமகன் அறை, மணமகள் அறை, ஒரு பெரிய ஹால் என்று வாடகைக்கு வந்தன. அந்த ஹாலில் பாய் விரித்துப் படுத்த தலைமுறை நாம். இப்போது அதுவும் போய், ஒரே ஹோட்டலில் இருபது முப்பது அறைகளை மொத்தமாக ‘பிளாக்’ செய்வது வழக்கமாகிவிட்டது.

1994-இல் நான் கற்ற பாடம்

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் எழுதவில்லை. 1994 பிப்ரவரியில் என் தங்கை கல்யாணத்தைப் பம்பாயில் நடத்தினோம். மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசிப் பக்கம். ரயிலில் 64 பேர் வருவதாகக் கடிதம் வந்தது. அறைக்கு மூன்று பேர் என்று வகுத்து, 22 அறை என்று கணக்குப் போட்டேன். கடைக்காரன் கணக்கு, தப்பாது என்ற நினைப்பு. தாதரில் ஒரு லாட்ஜில் 16 அறைக்கு முன்பணம் கொடுத்து ரசீது வாங்கினேன். இரண்டு தெரு தள்ளி இன்னொன்றில் 6 அறைக்கு வாய்ப்பேச்சு. ‘நீங்க நம்ம ஆளு, பணம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் வரவேண்டிய ரயில் சாயங்காலம் வந்தது. 16 அறைக்காரர்களை என் தம்பி அழைத்துப் போனான். மீதிப் பேரோடு நான் இரண்டாவது லாட்ஜுக்குப் போனபோது ஆறேகால் மணி. ஆறு அறையில் நாலு அறையை வேறு கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் கவுண்டரில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். என் பின்னால் நடைபாதையில், மாப்பிள்ளையின் பெரியப்பா தம் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய மனிதர். சூரியன் அஸ்தமித்தபின் உணவும் தண்ணீரும் தொடாத விரதம் உள்ளவர். ரயிலில் கையோடு கொண்டுவந்த உணவு காலையிலேயே முடிந்துவிட்டது. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சமைத்த சாப்பாடு முதல் லாட்ஜின் கூடத்தில் நாலு மணியிலிருந்து காத்திருந்தது. அவரோ இரண்டாவது லாட்ஜ் வாசலில் காத்திருந்தார்.

நான் சண்டையை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது. ஓடிப்போய், ‘பெரியப்பா, வாங்க, சாப்பாடு அங்கே தயாரா இருக்கு’ என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். ‘பரவாயில்ல தம்பி. பொழுது விடியாமலா போயிடும்?’ என்றார். அன்று இரவு ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் படுத்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் தாதர் நிலையத்தில் அவர் காலைத் தொட்டு வணங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, ‘எடம் கெடைச்சாப் போதாது தம்பி. வாசல்ல தெரிஞ்ச மொகம் ஒண்ணு நிக்கணும்’ என்றார். அந்த லாட்ஜ்காரரைக் குறை சொல்லிப் பல வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. 22 அறையும் சரியாகக் கிடைத்திருந்தாலும் அந்தப் பெரியவர் தப்பான வாசலில்தான் நின்றிருப்பார். ஏனென்றால் என்னிடம் எண்ணிக்கை இருந்தது; பெயர்கள் இல்லை. யார் விரதக்காரர், யாரை முதலில் கூட்டிப்போக வேண்டும் என்று நான் எழுதி வைக்கவேயில்லை. எங்கள் ஊர்த் தெருவில் நடந்துபோன அந்தப் பெரியவர் மனதில் ஓடிய பட்டியல் என்னிடம் இல்லை. மாதரிக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

இன்றைய ‘பிளாக்’கும் அதன் சூட்சுமமும்

அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் பல கல்யாணங்களுக்கு இந்த வேலையை நானே கேட்டு வாங்கிச் செய்து வருகிறேன். அனுபவத்தில் கண்ட சிலவற்றை நம் குடும்பங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலாவது, வாய்ப்பேச்சு வேண்டவே வேண்டாம். எத்தனை அறை, எத்தனை இரவு, என்ன வாடகை, காலைச் சிற்றுண்டி சேர்த்தியா, கூடுதல் படுக்கைக்கு என்ன, இவை எழுத்தில் வரவேண்டும். வரி இப்போது மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. சொல்லும் வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, விடுவிப்புத் தேதி. ஹோட்டல்காரர் அறைகளை நமக்காகக் காலவரையின்றி நிறுத்தி வைக்கமாட்டார். ஒரு தேதிக்குள் பெயர்ப் பட்டியல் கொடுக்காத அறைகள் பொது விற்பனைக்குப் போய்விடும். அந்தத் தேதி எது, அதற்குமுன் எத்தனை அறையைத் தண்டமில்லாமல் திருப்பலாம் என்பது முக்கியம். இதில் ரயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு அறுபது நாளுக்கு முன்பு எவர் கையிலும் டிக்கெட் இருக்காது; ‘வர்றேன்’ என்று உறுதி சொல்லமாட்டார்கள். ஆகவே விடுவிப்புத் தேதி அந்த அறுபது நாளுக்குள் வருமாறு, நாற்பது நாளுக்கோ முப்பது நாளுக்கோ முன்னதாக என்று பேசி வாங்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். சென்னை, திருச்சிப் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணிக் கணக்கு. பெரிய ஹோட்டல்களில் அப்படி இல்லை. மதியத்துக்கு மேல்தான் அறை கிடைக்கும், மறுநாள் பகலுக்குள் காலி செய்ய வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு ரயிலில் வந்து இறங்கும் அத்தையும் குழந்தைகளும் அதுவரை எங்கே இருப்பார்கள்? முதல் நாள் இரவிலிருந்தே இரண்டு மூன்று அறைகளை எடுத்து வைத்தால், எல்லோரும் பல் விளக்கிக் குளிக்கவாவது வழி இருக்கும். அந்தச் செலவு வீண் செலவல்ல.

நான்காவது, அடையாளச் சான்று. வயது வந்த ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ அந்நாட்டுக் குடியுரிமையோடு வரும் உறவினர் என்றால், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல்காரர் அரசுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரங்களைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். விடுதிக்காரருக்கு அரசு கடமை விதிப்பது புதிதல்ல. 1867-இல் வந்த சராய் சட்டமே சத்திரங்களைப் பதிவு செய்யவும், காவலாள் வைக்கவும், கிணற்றையும் அறைகளையும் சுத்தமாக வைத்திருக்கவும், வாடகைப் பட்டியலை வெளியே தொங்கவிடவும் சொன்னது.

ஐந்தாவதுதான் பெரியது. பெயர்ப் பட்டியல். ஹோட்டல்காரருக்குக் கொடுக்கும் பட்டியல் ஒன்று. நமக்கென்று வைத்துக்கொள்ளும் பட்டியல் ஒன்று. நம் பட்டியலில் பெயருக்கு எதிரே மூன்று குறிப்பு வேண்டும். உடம்புக்கு என்ன, சாப்பாட்டில் என்ன நியமம், யாரோடு தங்கினால் நிம்மதி. முட்டிவலிக்காரருக்குக் கீழ்த்தளம் அல்லது லிப்ட் பக்கம். சர்க்கரைக்காரருக்கு அறையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். விரதக்காரர் வரும் ரயில் தாமதமானால் சாப்பாட்டை நிலையத்துக்கே கொண்டுபோக ஓர் ஆள். கவலையில்லாமல் அரட்டையடிக்கும் வயசுப் பிள்ளைகளுக்கு எந்த மாடியானாலும் சரி! இரண்டு ஹோட்டலாகப் பிரிக்க நேர்ந்தால், வாடகையை வைத்துப் பிரிக்காதீர்கள். ‘அவங்களுக்கு அந்த ஹோட்டல், எங்களுக்கு இதுவா?’ என்ற ஒரு சொல் பத்து வருஷத்துக்கு நிற்கும். ஊரை வைத்தோ ரயிலை வைத்தோ பிரித்தால் யாருக்கும் மனக்குறை வராது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் காரியம் மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பக்கத்தார் எப்போதும் வெளியூர்க்காரர்தான். இங்கே நடந்தால் ஊரிலிருந்து வருகிறார்கள். பாஷை தெரியாது, தெரு தெரியாது. ஊரில் நடந்தால் நாம் போகிறோம். நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் தெரியாது. ‘முன்னதாகவே வந்திருந்து நடத்திக் கொடுக்க வேண்டும்’ என்று பத்திரிகையில் அச்சடிக்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? முன்னதாக வா என்று சொன்னவன், வந்தவர் தங்குவதற்கு வாக்குக் கொடுத்தவன். அந்த வாக்கை ஹோட்டல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது சரியாகப் படவில்லை.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஓய்வு பெற்ற அன்பர்கள், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ‘ஜாகைக் குழு’ ஒன்று அமைக்கலாம். உறுப்பினர் வீட்டுக் கல்யாணம் என்றால் இரண்டு பேர் ரயில் நிலையத்திலும் ஒருவர் ஹோட்டல் வாசலிலும் நிற்க வேண்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை. தமிழில் ‘வாங்க, பிரயாணம் சௌகரியமா?’ என்று கேட்பதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான். ஒருவர் வீட்டுக்கு நான் நின்றால், என் வீட்டுக்கு அவர் நிற்பார். பழைய திண்ணைக் கணக்கேதான் இது.

என் தங்கையின் மகளுக்குச் சென்ற தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகையின் அடி மூலையில், பேரப்பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை என்று, ‘ஜாகை’ என்று போட்டு, ஹோட்டலின் பெயரும், வாசலில் நிற்கப்போகும் என் தம்பி மகனின் பெயரும், கைப்பேசி எண்ணும் அச்சடித்தோம். ஊரிலிருந்து 41 பேர் வந்தார்கள். ரயில் இந்த முறையும் தாமதம்தான். சோலாப்பூர் தாண்டியதுமே விரதக்காரர் நாலு பேருக்கும் சாப்பாடு எந்த நிலையத்தில் கைக்கு வரும் என்று பையன் போன் செய்து சொல்லிவிட்டான். பொழுது சாய்வதற்குமுன் நால்வரும் சாப்பிட்டார்கள்.

அந்தப் பெரியப்பா இன்று இல்லை. பம்பாய்க்கு அவர் மறுபடி வரவேயில்லை. அவருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.